மணி இல்லாத சைக்கிள்

1913 ஆவணி 12, இரவு

பதுளைக் கடைத்தெருவின் சகல ஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று முதல் என் சைக்கிளில் மணி கிடையாது. ஆடுமாடுகள் தத்தம் பொறுப்பில் நடமாடவும்.

மணியைக் கழற்றியது என் சிநேகிதன் செல்லமுத்துவுக்குக் கொடுக்க. அதை அடிப்பதென்றால் அவனுக்கு உயிர். அவன் அப்பா ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. தோட்டத்து வெள்ளைக்காரத் துரையோடு மனஸ்தாபமாகி, தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு ஹல்துமுல்லைத் தோட்டமொன்றுக்குப் போகிறார்.

"வெள்ளன பொறப்பட்டுருவோம்டா. நீ வந்து சேர மாட்டே" என்றான் நேற்று.

"சைக்கிள்ல வர்றவன்டா நான். தொரையே எதுக்க வந்தாலும் எறங்க மாட்டேன்."

தோட்டத்து ரோட்டில் துரையைக் கண்டால் நம்மவர்கள் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அவர் நகர்ந்த பிறகுதான் ஏறலாம்.

இருட்டிலேயே கிளம்பினேன். மூச்சிரைக்க மலையேறிப் போய்ச் சேர்ந்தால் அவர்கள் குடியிருந்த லயம் காலி. அடுப்புச் சாம்பல் இன்னும் சுட்டது.

"இப்பத்தான் தம்பி குறுக்குப் பாதையில ஏறுனாங்க. அதுல சைக்கிள் போகாது" என்றார் பக்கத்து லயத்து அக்கா. "அந்தப் பய திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனான்."

மலையைப் பார்த்து, கழற்றிய மணியைக் கையில் பிடித்து விரல் வலிக்க அடித்தேன். மணி இப்போது தலையணைக்கடியில் இருக்கிறது. அதை மறுபடி மாட்ட மனம் வரவில்லை.

டயர் பஞ்சரானதால் தாமதம் என்று வீட்டில் சொன்னேன். பஞ்சர் ஆகவில்லை. போகும்போது, லயத்துக்கு முந்திய கடைசி வளைவில் துரையின் குதிரை நின்றது. யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. நானாகத்தான் இறங்கினேன். அவர் கணக்கப்பிள்ளையோடு பேசி முடிக்கும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.