உனக்கு அது ராத்திரிதான்

என் அருமை வள்ளி அக்காவுக்கு,

நீ காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போதுதான் உனக்கு எழுதத் துணிச்சல் வந்தது. நேரில் என்றால் உன் முன்னால் நிற்கவே எனக்கு யோக்கியதை இல்லை.

போன வாரம் அம்மாவைக் கண்புரை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பேச்சுவாக்கில், நீ வீட்டில் இருக்கிற மாதிரியே, டாக்டரம்மாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அக்காவுக்குக் கண் தெரியாது, பத்து நாள் எல்லோரையும் போலத் தூங்குவாள், அப்புறம் தூக்கம் தள்ளித் தள்ளிப் போய்ப் பட்டப்பகலில் சாய்ந்துவிடுவாள் என்று.

"வெளிச்சமாவது தெரியுமா?"

"சுத்தமா தெரியாதுங்க."

"அதாங்க காரணம். உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. கண்ணுல படுற வெளிச்சந்தான் அதைத் தினமும் சரிபண்ணுது. வெளிச்சமே தெரியாதவங்க நிறைய பேருக்குத் தூக்கம் இப்படித்தான் தள்ளிப்போகும். சோம்பேறித்தனம் இல்லீங்க."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை அக்கா. மாசாமாசம் இந்தப் பகல் தூக்கம் வருகிறதே, காத்து கருப்புதான் என்று முடிவுகட்டி, பௌர்ணமிதோறும் உன் கையைப் பிடித்து மலை சுற்ற வைத்தவன் நான். தூக்கத்திலேயே நடந்தாயா?

அதுகூடப் போகட்டும். அடி அண்ணாமலையில் நம் பஜ்ஜிக் கடையில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, மாவுக் குண்டான் பக்கத்தில் தூங்கி விழுந்தாய். உலுக்கினேன்.

"தம்பி, சத்தியமா எனக்கு இப்ப ராத்திரிடா."

"கண்ணு தெரியாதவளுக்கு ராத்திரி என்ன, பகல் என்ன? நடிக்காத, எழுந்திரு!"

டீ குடிக்க வந்த தெருக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாவி. நீ முகம் கழுவிக்கொண்டு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாய். அப்புறம் சாகும்வரை தூக்கத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆட்டோவில் வரும்போது, ஒரு கண்ணில் கட்டோடு அம்மா கேட்டாள்: "அப்ப எம் பொண்ணு சோம்பேறி இல்லையாடா?" "இல்லம்மா" என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் கிளம்பும்போதே டாக்டரம்மா, "மருந்து இருக்குங்க, உங்க அக்காவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றார். நீ இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சிரித்தவர்கள் இன்னும் நம் கடைக்குத்தான் டீக்கு வருகிறார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு, அன்றைக்குக் கத்தின அதே குரலில் அவர்களிடம் சொல்லப்போகிறேன்: என் அக்கா நடிக்கவில்லை, அவளுக்கு அது ராத்திரிதான். இந்த முறை என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

உன்னைத் தூங்கவிடாத தம்பி,
முருகன்