வகுப்பில் எலி தேடிய அன்று

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டாதே. போன வாரம் விளையாடிவிட்டு நேராக வகுப்புக்குப் போனோம். வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கயோ எலி செத்துக் கெடக்கு, பாருங்கடா" என்றார். எல்லோரும் பெஞ்சுக்கு அடியில் தேடினார்கள். நானும் குனிந்து தேடினேன், அம்மா. நிமிர்ந்தபோது பக்கத்துப் பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் புரிந்தது. கூனிக் குறுகிப்போனேன். அதற்கும் சேர்த்து வேர்த்துக் கொட்டியது.

மறுநாள் சென்ட்டை அள்ளிப் பூசினேன். நாற்றம் இரண்டாகிவிட்டது. கடைசியில் விடுதியில் என் அறையில் இருக்கும் ஒல்லிப் பையன், நாங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுகிறவன்தான், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்: "கோவிச்சுக்காதடா. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. நம்ம வயசு அப்படி. அக்குள்ல நல்லா சோப்புப் போட்டுக் குளி, ஈரம் போகத் துவட்டு, போட்ட சட்டையவே திரும்பப் போடாத."

இப்போது பரவாயில்லை. ஆனாலும் யாராவது மூக்கைச் சொறிந்தால் எனக்குப் பகீரென்கிறது. சாப்பாட்டு மேசையில் ஓரமாகத்தான் உட்காருகிறேன்.

நைலான் சட்டை இனி வேண்டாம். பருத்திப் பனியன்கள் அனுப்பு. கூடவே நீ போர்த்திக்கொள்ளும் பழைய போர்வையையும் வை. இங்கே விடியற்காலையில் குளிர்கிறது.

குளியலறை காலியாகிவிட்டது, ஓடுகிறேன். அந்தப் போர்வையை மட்டும் துவைத்துவிடாதே, அம்மா. அப்படியே அனுப்பு.

உன் மகன்