சூளை வாசல்

12-8-1971, வியாழன்

சூடு ஆறுமுன் திறந்த பீங்கான் சூளை சரிந்து, அவரும் இரண்டு ஆட்களும் போய் மூன்று மாதம். சோறு கொண்டுபோன கலா நேரில் பார்த்துவிட்டாள். திறக்கச் சொன்னது அவள் அப்பா என்று ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தியும் அவளோடு பேசுவதில்லை; பேசினால் திட்டத்தான்.

இன்று ஸ்கூல் ஆயா வந்தாள். "சோத்த நாய்க்குப் போட்டுட்டு, ஒங்க பொண்ணு அந்தச் சூளை வாசல்ல போயி ஒக்காந்துக்குதுங்கம்மா." காலி டப்பாவைப் பார்த்து நான் தினமும் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

கலாவைக் கேட்டேன்.

"அங்க யாரும் என்னைத் திட்றதில்லம்மா. சூளையத் திரும்பக் கட்டிட்டாங்க, நாளைக்கு மறுபடி பத்த வைக்கிறாங்களாம்."

ஸ்கூல் என்றாலே அழுகிறவள், இன்று தானே பாவாடை தாவணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். நாளைக்கு அனுப்ப மாட்டேன். கதவின் மேல் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டேன். இந்த வருஷம் அது அவளுக்கு எட்டுகிறது.