செல்லோவுக்கு இரண்டு வரி

பிப்ரவரி 9
இல்லை, பொறாமை இல்லை. அத்தான் இசை எழுதுகிறார். வாசிப்பவர்களுக்கு நான் கையால் பிரதி எடுக்கிறேன். அவ்வளவுதான். நான் எழுதியவற்றை யாரும் கேட்டதில்லை. காட்டியதும் இல்லை.

பிப்ரவரி 11
வயலின் முதல் செல்லோ வரை, நான்கு வில் வாத்தியங்களுக்கான புதிய இசை. மூன்றாம் பகுதியின் நடுவில் இரண்டு வரி, நால்வருக்குமே காலி. வாசிக்காமல் இரு என்று சொல்லும் நிறுத்தக் குறிகூட இல்லை. முடிக்காமல் விட்டுவிட்டாரா? அத்தான் ஊரில் இல்லை. நாளைக் காலை ரயிலிலிருந்து நேரே ஒத்திகைக்கு வருகிறார்.

அக்காவுக்குக் கவலையே இல்லை. "அவர் கையெழுத்து மாதிரியே அப்படியே எழுதுவ. ரெண்டு வரி போட மாட்டியா?"

போட்டேன். செல்லோவுக்கு மட்டும். யோசிக்கவில்லை — கை போனது.

பிப்ரவரி 12
ஒத்திகை. மற்ற மூவரும் வில்லை இறக்க, செல்லோக்காரர் தனியாக வாசித்தார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த அத்தானின் கை நின்றது.

"இது எங்கேர்ந்து வந்துது?"

"தாள்ல இருக்கு சார். நான் என்ன வீட்லேர்ந்தா கொண்டுவந்தேன்?" என்றார் செல்லோக்காரர்.

நான்தான் என்றேன்.

"அங்க யாருமே வாசிக்கக் கூடாதும்மா. நாலு பேரும் சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கறதுக்கும் குறி போடணும், அத்தான்."

சிரித்துவிட்டார். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கண்மூடிக் கேட்டார். "இருக்கட்டும். என்னோடதைவிட இது நல்லா இருக்கு."

என்னோடதைவிட. அப்படியானால் இது யாருடையது?

பிப்ரவரி 13
படியில் செல்லோக்காரர்: "நாள் பூரா அந்த ரெண்டு வரியையே முனகறேன்மா. வீட்டுக்காரி திட்டறா."

பிப்ரவரி 15
நிகழ்ச்சித் தாள் அச்சுக்குப் போகிறது. அத்தான் பெயர் மட்டும். அக்காவிடம் கேட்டேன்.

"உப்புப் போட்டவளெல்லாம் சமையல்காரியாடி? குடும்பத்துக்குள்ள என்ன உன்னுது என்னுது?"

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். ஏன் விழுங்குகிறேன்?

பிப்ரவரி 16
அத்தானிடமே சொல்லிவிட்டேன். என் வரியை எடுத்துக்கிறேன், உங்க மௌனம் உங்களுக்கே இருக்கட்டும்.

அத்தான் செல்லோத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு, "அந்த இடத்துல ஜனங்க இருமுவாங்களே?"

"இருமட்டும்."

"சரி, எடுத்துக்கோ. உன்னுதுதானே."

பிளேடால் சுரண்டினேன். நான்கு தாளிலும் நிறுத்தக் குறி போட்டேன்.

பிப்ரவரி 20
நிகழ்ச்சி. அந்த இடம் வந்தது. நால்வரும் வில்லைத் தூக்கியபடி அசையாமல். ஒருவரும் இருமவில்லை. அத்தான் செய்தது சரி. என் வரி அங்கே அதிகப்படிதான்.

ஆனால் எனக்குள் அது நிற்கவில்லை. அடுத்து எங்கே போகும் என்று கேட்டது.

வீட்டுக்கு வந்து, புதுத் தாளில் அந்த இரண்டு வரியை எழுதி, மூன்றாவதைத் தொடங்கினேன்.