சொல்ல வராத வரி

நவம்பர் 12, செவ்வாய்.

விடிந்ததும் காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்பட வேண்டும். மறுநாள் என் கணவருக்குத் தலையில் ஆபரேஷன். பிழைத்துவிடுவார் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் இருவரும் செபத்துக்கு உட்கார்ந்தோம். பரலோக மந்திரத்தில் ஆண்டவருடைய திருவுளப்படியே நடக்கட்டும் என்று வேண்டுகிற வரி வந்ததும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் இவரை எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். இவர் மட்டும் சொல்லி முடித்தார்.

"ஏன் மேரி நிறுத்திட்ட?"

"சொல்ல பயமா இருக்குங்க."

"அதையே ஆண்டவர்கிட்ட சொல்லேன். அவருகிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லப்போற?"

சொன்னேன். பயம் போகவில்லை. அந்த வரியும் இன்னும் வரவில்லை. இவர் தூங்கிவிட்டார். மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தபடி, பயமாக இருக்கிறது என்று ஆண்டவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வேறு யாரிடம் போவது?