தம்பியின் கால் எரிவது சாராயத்தால் அல்ல என்பது பற்றி

அனுப்புநர்:
வேலாத்தாள், க/பெ. சாமியப்பன்,
பனியன் மடிக்கும் தொழிலாளி,
அவிநாசிபாளையம்.

பெறுநர்:
மருத்துவ மேலதிகாரி அவர்கள் சமுகத்துக்கு.

பொருள்: காசநோய் மாத்திரையால் கால் மரத்துவரும் என் தம்பி குமாரவேலுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையும் வைட்டமின் மாத்திரையும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நேரில் வந்தபோது, வெள்ளைச் சட்டையையும் மிடுக்கையும் பார்த்து, தங்கள் கார் டிரைவரைத் தாங்கள் என்று நினைத்து, கும்பிட்டு அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவரும் பொறுமையாகக் கேட்டு, "ஆகட்டும்" என்றார். ஆகவே இம்முறை எழுத்தில் தருகிறேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு, பிழை பொறுக்கவும்.

1. குமாரவேல் பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டுபவன். மார்கழியில் இருமலோடு ரத்தம் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் நின்றது. மாத்திரையைக் குறை சொல்ல நான் வரவில்லை.

2. ஆனால் மாசி முதல் உள்ளங்கால் தீயாய் எரிந்து, இப்போது மரத்தும் போகிறது. வழியில் ஒரு செருப்பு கழன்றது தெரியாமல் கம்பெனி வரை நடந்திருக்கிறான். கேலி செய்ய வாயெடுத்தேன். பாதத்தில் முள் ஏறி ரத்தம் ஒழுகியதும் அவனுக்குத் தெரியவில்லை. கேலி வரவில்லை.

3. எங்கள் அண்ணன் லிங்கசாமிக்கும் முன்பு இதே நோய், இதே மாத்திரை, இதே எரிச்சல். நோய் போயிற்று, காலும் போயிற்று. சுவரைப் பிடித்து நடக்கிறார். அதே மாத்திரையை அதே அளவு தின்ற தம்பிக்குப் பக்கத்து மிஷின் ஓட்டும் கிட்டுசாமியோ சதை போட்டு, மூட்டை தூக்குகிறார்.

4. காரணத்தை, சென்னையிலிருந்து முகாமுக்கு வந்த டாக்டர் சொன்னார். சிலர் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கழித்துவிடுமாம். சிலர் உடம்பு மெதுவாகத்தான் கழிக்குமாம். மெதுவானவர்களுக்கு மருந்து உள்ளே தங்கி நரம்பைக் கெடுக்குமாம். இது பிறவியில் வருவதாம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒன்றுபோல் இருக்கக்கூடுமாம். மாத்திரை தின்றபின் சிறுநீரைச் சோதித்தால் தெரியும், வைட்டமின் சேர்த்தால் நரம்பு தப்பும் என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்.

5. இதைச் சொன்னதற்கு ஆஸ்பத்திரி கம்பவுண்டர், "சாராயங் குடிக்கறவனுக்குத்தாம்மா கால் எரியும். மதுவிலக்குப் போலீசைக் கூப்பிடட்டுமா?" என்று வரிசையில் எல்லோர் முன்பும் கேட்டார். டீயையே ஆறவைத்துக் குடிக்கிற பையன், ஐயா. அன்றிலிருந்து அவன் மாத்திரையைத் தொடுவதில்லை. "அக்கா, இருமிச் செத்தாலும் சாவறனுங்க, அண்ணனாட்டம் செவுத்தப் புடிச்சுட்டுப் பொழைக்க மாட்டனுங்க" என்கிறான்.

6. நேற்று எச்சிலில் மறுபடி சிவப்பு தெரிந்தது. தின்றால் கால், நிறுத்தினால் உயிர் என்று நிற்கிறோம்.

ஐயா அவர்கள் பரிசோதனைக்கும் வைட்டமினுக்கும் ஒரு வரி உத்தரவு எழுதித் தந்தால் போதும். மிரட்டியோ கொஞ்சியோ அவனை மாத்திரை விழுங்க வைப்பது என் பொறுப்பு. கம்பவுண்டரைத் தண்டிக்க வேண்டாம். போலீஸ் பேச்சை மட்டும் விடச் சொன்னால் நல்லது.

இடம்: அவிநாசிபாளையம்
நாள்: 26-4-1966

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
வேலாத்தாள்

பி.கு.: பரிசோதனைக்கு உதவும் என்று, தம்பியைக் கெஞ்சி இன்று காலை ஒரு மாத்திரை விழுங்க வைத்து, சிறுநீரைப் புட்டியில் கொண்டுவந்து மனுவோடு தங்கள் பியூனிடம் கொடுத்தேன். அவர் அதை ஊத்துக்குளி நெய் என்று எண்ணி, தங்கள் வீட்டுச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார். மனுவைத் திரும்ப வாங்கி இதை எழுதுகிறேன். வேறு புட்டி நாளை கொண்டுவருகிறேன்.