ஆன்டெனாவின் அடியில்

மச்சான்,

கையில் ஒட்டிய கிரீஸ் மூன்று முறை சோப்பு போட்டும் போகவில்லை. இன்று காலை உங்கள் காரின் ஆன்டெனாவைக் கழற்றினேன். தென்னை மட்டை விழுந்து கம்பி வளைந்திருந்தது. உங்கள் மகள் இனி அதில்தான் வேலைக்குப் போகப்போகிறாள், மாற்றிக் கொடு என்று அக்கா கூப்பிட்டிருந்தாள். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் நான் அந்தக் காரின் பக்கம் வரவில்லை.

வராததற்குக் காரணம் இந்த ஆன்டெனாதான். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

பழைய காரை வாங்கிய கையோடு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் தமிழ் வானொலி நிலையம் கேட்க வேண்டும். எஃப்எம்மில் எல்லாம் மலையாளம். மீடியம் வேவில் வெறும் இரைச்சல். இடப்பள்ளியில் கார் சாமான் கடையில் நிற்கிறவன் நான் என்பதால், இருப்பதில் நல்ல ஆன்டெனாவாகக் கொண்டுவந்தேன். அதன் வயர் முனை, காரோடு வந்த கம்பெனி ரேடியோவின் துளையில் நுழையவில்லை. மறுநாள் நடுவில் போடும் இணைப்பு வயரையும் கொண்டுவந்து மாட்டினோம். நெல்லைக்காரர் ஒருவர் உரத்தைப் பற்றிப் பேசுவது தெளிவாகக் கேட்டது. நீங்கள் எஞ்சினை ஸ்டார்ட் செய்தீர்கள். உரக்காரர் காணாமல் போய், ஒரு ஊளைச் சத்தம் வந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது.

ஊளை நிற்க ஆன்டெனாவின் அடி வெறும் இரும்பைத் தொட வேண்டும், அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டினால் போதும் என்றேன். நீங்கள் காரின் தலையில் கையை வைத்து மறைத்துக்கொண்டீர்கள்.

“உப்புக்காத்துல வெறும் இரும்பு நிக்குமா? ஜூன் மாசத்து இடவப்பாதி மழை ஒண்ணு போதும்.”

“ஒத்த ரூபா அகலம் மச்சான். அதுக்குப் போயி இந்தப் பயமா?”

“நீ விக்கிறவன் மாப்ள. மாட்டுறவன் இல்ல.”

நீங்கள் சொன்னது தவறில்லை. ஆனால் வாசலில் என் மனைவியின் அண்ணன்மார் நின்றிருந்தார்கள், அவர்கள் சிரித்தார்கள். சாயா குடிக்காமல் கிளம்பினேன். அதன் பிறகு கல்யாண வீடுகளில் தலையாட்டிக்கொண்டதோடு சரி.

என் காரில் நான் சொன்னபடியே செய்தேன். வீம்புக்குத்தான். சுரண்டி மாட்டியதும் ரேடியோ கணீரென்று பாடியது. அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. டேப் ஒட்டினேன். கொச்சங்காடியில் நடந்த கல்யாணத்துக்கு வந்தபோது, நீங்கள் பார்த்துவிடக் கூடாதென்று காரை இரண்டு சந்து தள்ளி நிறுத்திவிட்டு மழையில் நனைந்தபடி நடந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று உங்கள் காரில் நட்டைத் தளர்த்தி ஆன்டெனாவைத் தூக்கினேன். அடியில் பெயிண்ட் இல்லை. ஒற்றை ரூபாய் அகலத்துக்கு வட்டமாகச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மாட்டிய பிறகு சுற்றிலும் கிரீஸைத் தடவி அடைத்திருந்தீர்கள். துடைத்தபோது உள்ளே இரும்பு பளபளத்தது. ஒரு புள்ளி துரு இல்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நீ கோவிச்சுப் போன அடுத்த ஞாயித்துக்கெழமையே செஞ்சாரு,” என்றாள். “எல்லா ஞாயிறும் கார்லதான் சாயா. எங்கயும் போமாட்டாரு, சும்மா எஞ்சினைப் போட்டுட்டு உக்காந்து கேப்பாரு. டீசல் வேஸ்ட்டுன்னு சொன்னா, ‘ஊளைச் சத்தம் வரலைல்ல’ம்பாரு. ஒங்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு போன் செய்திருக்கலாம். பிறகு அந்த இரண்டு சந்து நினைவுக்கு வந்தது. நானும் கேட்கவில்லையே மச்சான். ரேடியோ கேட்கிறதா என்று இரண்டு வருடத்தில் ஒரு தடவை கேட்டிருந்தால், ஒரு ஞாயிறாவது பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

புது ஆன்டெனாவை நீங்கள் செய்தபடியே மாட்டினேன். சுரண்டுவது என் யோசனை, கிரீஸ் உங்களுடையது. எஞ்சினைப் போட்டதும் உங்கள் மகள் காதைத் தீட்டிக்கொண்டு, “மாமா, ஊளை இல்ல,” என்றாள்.

கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. என் காரின் ஓட்டையை அடைக்க அரை மணி நேரம் போதும். கிரீஸும் கையில் இருக்கிறது. ஏனோ அடைக்கவில்லை. மட்டாஞ்சேரிப் பாலம் ஏறும்போது இடது முழங்காலில் ஒரு சொட்டு விழுந்தது. “சொன்னேன்ல மாப்ள” என்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. பாலம் இறங்கும்வரை நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.